பிள்ளைப் பிணியும் பெற்றோர் நம்பிக்கையும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அம்மருந்தை உரிய வேளையில் கொடுப்பவன் ஆகிய நால்வகையும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கினையும் மேலும் நான்கு நான்காக விரிக்கிறார். உடனிருப்பவனுக்கு வேண்டியவையாக அவர் கூறும் நான்கு குணங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, மருத்துவர் சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை.

நோயுற்றது சிறு பிள்ளையாயின் அந்த நான்காவது இடத்தில் நிற்பவர் தாயும் தந்தையுமே ஆவர். அவர்கள் சமயப் பற்றுடையவராயின், அப்பற்று மேற்கூறிய நான்கு குணங்களை வளர்க்கிறதா, குறைக்கிறதா என்பது வெறும் சமய வினா அன்று. பிள்ளையின் உயிரைத் தொடும் வினா. பேராக் மாநிலத்துக் கிறித்தவத் தமிழரின் வாழ்வையும், குழந்தைப் புற்றுநோய் மருத்துவம் வளர்ந்த வரலாற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது இவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

தோட்டமும் திருச்சபையும்

பேராக்கில் தமிழ்க் கிறித்தவர் வாழ்வு இரப்பர் தோட்டங்களுக்கும் முற்பட்டது. பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த ரெனே ஃபே அடிகளார் 1882ஆம் ஆண்டளவில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு குடியிருப்பை உருவாக்கினார். புனித சூசையப்பரின் பெயரால் அது சூசைப்பாளையம் என வழங்கியது. பின்னர் இரப்பர் பெருகியபோது தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளருள் கத்தோலிக்கரும், மெதடிஸ்டுகளும், தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன்களும் இருந்தனர். ஈப்போவின் சிலிபின் பகுதியிலுள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர் கூடி வழிபட்டு வளர்த்த ஆலயமாகும். ஆண்டுதோறும் சூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் பேராக்கின் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செல்வது வழக்கமாயிற்று. பிள்ளைக்கு நோய் வந்தால் அங்கே நேர்ந்துகொள்வதும், குணமானபின் மெழுகுதிரியுடன் சென்று நேர்ச்சையைச் செலுத்துவதும் அவ்வழக்கத்தின் பகுதிகள்.

அக்காலத் தோட்டங்களில் நேர்ச்சை ஒன்றே கையிலிருந்த மருந்தாகப் பல வேளைகளில் அமைந்தது. லயத்து வீட்டில் தாய் விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டச் செல்வாள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தோட்டத்து டிரெசர் கொடுக்கும் கொய்னா மருந்தே முதலும் முடிவுமாக இருக்கும். மலேரியா மலிந்த அந்நாளில் வெளுத்த முகமும், விட்டு விட்டு வரும் காய்ச்சலும், வீங்கிய மண்ணீரலும் எங்கும் காணப்பட்டன. இரத்தப் புற்றுநோயின் அடையாளங்களும் ஏறத்தாழ இவையே. ஈறுகளில் குருதி கசிதல், உடம்பில் காரணமின்றிக் கன்றிய தழும்புகள், எலும்பு வலி ஆகியன சேர்ந்திருந்தாலும், குருதியை நுண்ணோக்கியில் வைத்துப் பாராமல் இந்நோயை வேறுபடுத்தி அறிதல் இயலாது. அறிந்திருந்தாலும் பயனில்லை. 1948க்கு முன் கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மறைவது உலகெங்கும் விதியாக இருந்தது. நான்கு கூறுகளுள் மருந்து என்னும் கூறே அன்று இல்லை. பெற்றோரின் நம்பிக்கைக்கு அழுவதும் காத்திருப்பதுமே எஞ்சிய பணிகள்.

பப்பானில் ஒரு தாய்

பிள்ளையின் துன்பத்தைக் கண்ணெதிரே கண்டும் நம்பிக்கையை விடாத ஒரு தாயின் வரலாறு பேராக் மக்களுக்கு நன்கு அறிமுகமானது. அது நோயின் வரலாறன்று, போரின் வரலாறு. எனினும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சிபில் கார்த்திகேசு 1899ஆம் ஆண்டு சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யூரேசியப் பெண்மணி. தாதிமைப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றவர். இலங்கைத் தமிழ் மருத்துவரான ஆப்டன் கிளமெண்ட் கார்த்திகேசுவை 1919ஆம் ஆண்டு கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் ஆலயத்தில் மணந்தார். அவ்வாண்டே பிறந்த முதல் ஆண்மகவு 19 மணி நேரமே உயிர் வாழ்ந்தது. 1926 முதல் கணவரும் மனைவியும் ஈப்போ பிரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினர். சப்பானியர் படையெடுப்பின்போது அருகிலுள்ள பப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே சிபில் காட்டிலிருந்து வந்த எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்தார். தடைசெய்யப்பட்ட வானொலியைக் கேட்டுச் செய்தி பரப்பினார்.

1943இல் அவர் கைது செய்யப்பட்டார். பெயர்களைச் சொல்லுமாறு அவரைச் சித்திரவதை செய்த இராணுவக் காவலர், அவருடைய இளைய மகள் டோனைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினர். அப்போது அச்சிறுமிக்கு ஏழு வயதுதான் இருக்கும். தாய் பெயர்களைச் சொல்லவில்லை. பிள்ளை உயிர் தப்பினாள். போர் முடியும் வரை பத்து காஜா சிறையில் கிடந்த சிபில், நடக்கவியலாத நிலையில் 1945இல் வெளிவந்தார். 1947இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. சிறையில் பட்ட காயங்களின் விளைவாக 1948 சூன் 12ஆம் நாள் பிரித்தானியாவில் உயிர் நீத்தார். மறு ஆண்டில் அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் பெயரில் 1954இல் நூலாயின.

சிபில் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தும் வழிபாட்டை விடாதவர். அவருடைய பற்று மகளைத் துன்பத்திலிருந்து விலக்கி வைக்கவில்லை. துன்பத்தின் நடுவே தாம் செய்யவேண்டியது எதுவென்று தெளியும் வலிமையை அவருக்குத் தந்தது. மேலும், இறைவனை மன்றாடிய அதே கைகளால்தான் அவர் காயத்தைக் கழுவினார், கட்டுப் போட்டார், ஊசி போட்டார். வழிபாடும் மருத்துவமும் அவரிடத்தில் மோதிக்கொள்ளவே இல்லை.

1948ஆம் ஆண்டின் சூன் மாதம்

பேராக் வரலாற்றில் அந்தச் சூன் மாதம் வேறொரு காரணத்தால் நினைக்கப்படுகிறது. 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. சிபில் மறைந்து நான்கு நாள்களே ஆகியிருந்தன. இவ்விரு செய்திகளும் நாளேடுகளை நிரப்பிய அம்மாதத்தின் 3ஆம் நாளன்று அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரையைத் தோட்டப்புறத்தில் எவரும் அறிந்திருக்க வழியில்லை. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்ததில் 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததென்று அதில் அறிவித்தார். பின்னர் நோய் மீண்டும் தலைதூக்கியது உண்மையே. ஆயினும் இந்நோய் மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அன்றுதான் முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது.

இம்மருந்தின் வேர்களைத் தேடிச் சென்றால் தமிழ் மண்ணும் தென்படுகிறது. ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ் 1928 முதல் பம்பாயிலும், பின்னர்க் குன்னூர், சென்னை ஆகிய இடங்களிலும் ஏழைக் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோவொரு சத்து அச்சோகையைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சத்தே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. புற்றணுக்களும் பெருகுவதற்கு அதனை நாடுகின்றன என்பது தெரியவந்தபோது, அதனைப் போன்ற உருவில் நின்று அணுவை ஏமாற்றும் பொருள் தேவைப்பட்டது. அதை ஆக்கித் தந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆய்வுத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1922இல் அமெரிக்கா சென்றவர் அவர். தம் உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பலிகொடுத்தவர். ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், அவரும் மறைந்தார். அமினோப்டெரினை அடுத்து வந்த மெதோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

மற்றொரு மருந்து இன்னும் அருகிலிருந்தது. தமிழர் வீட்டு முற்றங்களிலும் இடுகாட்டு ஓரங்களிலும் ஆண்டு முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் பெறும். கனடாவில் இராபர்ட்டு நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் நீரிழிவுக்கு மருந்தாகுமா என இதன் இலையை ஆராயப் புகுந்தனர். இலைச்சாறு வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தார் அதே செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963இல் பயன்பாட்டுக்கு வந்தது. இறந்த குழந்தையின் கல்லறையில் தாய் நட்ட செடியிலேயே பின்னாளில் பிறந்த குழந்தைகளுக்கான மருந்து இருந்தது.

நேர்ச்சையும் மருத்துவமனையும்

மருந்துகள் பல வந்தபோதும் அவற்றை இணைத்து நோயை வேரறுக்கும் முறை பிறக்கவில்லை. அது பிறந்த இடம் ஒரு நேர்ச்சையால் எழுந்த மருத்துவமனை என்பது குறிப்பிடத்தக்கது. லெபனானியக் குடும்பத்தில் பிறந்த டேனி தாமஸ் ஒரு மேடைக் கலைஞர், கத்தோலிக்கர். முதல் பிள்ளை பிறக்கவிருந்த வேளையில் வருவாயின்றித் தவித்த அவர், கைவிடப்பட்டோரின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் போற்றும் புனித யூதா ததேயுவிடம் வேண்டினார். தமக்கு வழி காட்டினால் அவருக்கொரு திருத்தலம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். வாழ்வில் உயர்ந்தபின் அந்நேர்ச்சையை நிறைவேற்ற முற்பட்டபோது, கர்தினால் சாமுவேல் ஸ்டிரிச்சு போன்றோரின் அறிவுரையால் திருத்தலம் மருத்துவமனையாக உருமாறியது. 1962 பிப்ரவரி 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் அது திறக்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே நடத்தப்பட்ட அந்நாளில், அவ்விரு இனத்துப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடத்தில் மருத்துவம் பெற்றனர். எந்தக் குடும்பத்திடமும் கட்டணம் கேட்பதில்லை என்னும் நெறியும் வகுக்கப்பட்டது.

அதன் முதல் இயக்குநர் டொனால்டு பிங்கல், பல மருந்துகளை ஒருங்கே கொடுத்தும், மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஒளிந்திருக்கும் நோயணுக்களைத் தனியே தாக்கியும், மருத்துவத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டியும் முயன்றார். 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். மருத்துவமனை திறந்தபோது அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு நான்கு மட்டுமே.

தமிழகத்திலும் நம்பிக்கையும் இழப்பும் மருத்துவமனைகளாக வடிவெடுத்தன. அமெரிக்கச் சமயத் தொண்டர் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1986 முதல் அங்கு எலும்பு மச்சை மாற்று மருத்துவம் நடைபெறுகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். அவர் கிறித்தவர் அல்லர். எனினும், துயரத்தைப் பிறர் பிள்ளைக்குப் பயன்படும் பணியாக மாற்றியதில் டேனி தாமசுக்கும் அவருக்கும் வேறுபாடில்லை.

மலேசியாவில் 1987இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதல் எலும்பு மச்சை மாற்று நடைபெற்றது. 2003இல் மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் இணைந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பொதுவான மருத்துவ முறையொன்றைத் தொடங்கினர். 2012இல் வெளியான அதன் முடிவின்படி, ஆறாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பிள்ளைகள் உயிருடன் இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாற்றப்பட்டும், லயங்களை விட்டுப் புந்தோங் போன்ற ஈப்போவின் புறப்பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்பு எட்டும் காலம் வந்தது.

இரவு மாத்திரை

மருந்து என்னும் கூறு நிறைவுற்றபின், நான்காவது கூறின் பொறுப்பு குறைந்துவிட்டதாக எண்ணுதல் தவறு. அது பன்மடங்கு கூடிற்று. இம்மருத்துவம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பது. முதற்கட்டத்தில் மருத்துவமனைப் படுக்கையில் ஊசிகளும், முதுகுத்தண்டில் செலுத்தும் மருந்தும், முடி உதிர்தலும், வாந்தியும் இருக்கும். பிற்கட்டத்தில் பிள்ளை வீடு திரும்பும். அப்போது நாள்தோறும் மெர்காப்டோபியூரின் என்னும் மாத்திரை, வாரமொரு முறை மெதோட்ரெக்சேட் ஆகியவற்றைத் தாயோ தந்தையோ கொடுக்கவேண்டும். பிள்ளை நன்றாக ஓடி விளையாடும். நோய் போய்விட்டதுபோல் தோன்றும். அத்தோற்றமே இடர். நூறு வேளையில் ஐந்து வேளைக்கு மேல் அம்மாத்திரை தவறினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. இரவில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதலும் அவ்வாறே இன்றியமையாதது.

நம்பிக்கையின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. முந்நூறாவது இரவிலும் சலிப்பின்றி மாத்திரையை எண்ணி வைக்கும் கைக்கு ஓர் ஊன்றுகோல் வேண்டும். அன்றாடச் செபம் என்னும் ஒழுங்கு அந்த இல்லத்தில் இருக்குமாயின், மாத்திரையின் ஒழுங்கு அதனோடு சேர்ந்து நடக்கும். மாலைச் செபமாலைக்குப் பின் மருந்து என்று வழக்கமாக்கிக்கொண்ட வீட்டில் வேளை தவறுதல் அரிது. சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை என்று பரிமேலழகர் குறித்தது இதனையே.

இரு தவறுகள்

நம்பிக்கை இடறிவிடக்கூடிய இடங்களும் உண்டு. செபித்தாயிற்று, பிள்ளை தேறிவிட்டது, இனி மருந்து எதற்கு என்று இடையில் நிறுத்துவது முதல் தவறு. வறிய நாடுகளில் குழந்தைப் புற்றுநோயால் நேரும் இறப்புகளுக்குரிய காரணங்களுள் மருத்துவத்தை நடுவில் கைவிடுதலும் ஒன்று. வளமிக்க நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைக்க, வறிய நாடுகளில் முப்பதுக்கும் குறைவானவரே பிழைக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வறுமையும் தொலைவும் அங்கே முதற்காரணங்கள். அவற்றோடு தவறான நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும்போது கேடு இரட்டிக்கிறது. கிறித்தவ மறைநூலே இத்தவற்றை ஆதரிக்கவில்லை. கத்தோலிக்கர் ஏற்கும் சீராக் நூல் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது; மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவன் இறைவனே என்கிறது. முடக்குவாதக்காரனைச் சுமந்து வந்த நால்வர், கூட்டத்தால் வழியடைபட்டபோது கூரையைப் பிரித்து இறக்கிய செய்தி நற்செய்தியில் வருகிறது. அந்நால்வரின் உழைப்பைத்தான் அங்கே நம்பிக்கை என்று மறைநூல் காண்கிறது.

இரண்டாவது தவறு இதனினும் கொடியது. பிள்ளை பிழைக்காவிடில், பெற்றோரின் நம்பிக்கை போதவில்லை என்று சுற்றத்தார் சொல்வது அது. தமிழர் வீடுகளில் முன்வினை என்றும், தெய்வக் குற்றம் என்றும், நேர்ச்சை பிழைத்தது என்றும் பல பெயர்களில் இப்பழி வருகிறது. நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பிள்ளைகள் பிழைத்தனர் என்பதில், பன்னிரண்டு பேர் பிழைக்கவில்லை என்பதும் அடங்கும். அந்தப் பன்னிரண்டு வீடுகளிலும் செபம் குறைவாக நடந்ததென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பழைய ஏற்பாட்டில் தாவீது அரசன் நோயுற்ற மகவுக்காக ஏழு நாள் உண்ணாது தரையில் கிடந்து மன்றாடினான். மகவு இறந்தது. அவன் எழுந்து, குளித்து, ஆலயம் சென்று வணங்கி, பின் உணவு கொண்டான். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர் வினவியபோது, அவனுமன்று, அவன் பெற்றோருமன்று என்றே இயேசு விடையளித்தார். இவற்றையெல்லாம் ஆலயத்தில் கேட்டுவிட்டு, பிள்ளையைப் புதைத்த தாயிடம் போய்க் குற்றம் சாட்டுவது மறைநூலையே மறுப்பதாகும்.

பள்ளியின் பங்கு

உடனிருப்போர் வட்டத்தில் ஆசிரியர்க்கும் இடமுண்டு. மருத்துவம் பெறும் பிள்ளை மாதக்கணக்கில் பள்ளிக்கு வர இயலாது. இதனைக் கருதி 2011 முதல் மலேசிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் மருத்துவமனைப் பள்ளி நடத்தப்படுகிறது. பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது வழுக்கைத் தலையைக் கண்டு மற்றப் பிள்ளைகள் நகையாமல் காப்பதும், இந்நோய் தொற்றாது என்பதை அவர்களுக்கு விளக்குவதும் ஆசிரியர் கடமை. மற்றொன்று இன்னும் முக்கியமானது. வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால் அச்செய்தி அன்றே அப்பிள்ளையின் பெற்றோருக்குச் சென்றாகவேண்டும். உடனிருப்பவனுக்கு அன்போடு அறிவும் வேண்டும் என்று உரையாசிரியர் சேர்த்துச் சொன்னது இத்தகைய வேளைகளுக்கே பொருந்தும்.

தோட்டத்து லயத்தில் விளக்கேற்றி, பெயர் தெரியாத நோய்க்காக மன்றாடிய தாய்க்கு அன்று மருந்து கிட்டவில்லை. ஈப்போவில் இன்று மன்றாடும் தாயின் கையில் மருந்து இருக்கிறது. அம்மருந்து பல நாட்டார் பல்லாண்டு உழைத்துத் தந்தது. அவருள் இறைவனை வேண்டியவரும் உண்டு, வேண்டாதவரும் உண்டு. அதனை வேளை தவறாமல் பிள்ளையின் வாயில் சேர்ப்பது மட்டும் எக்காலத்தும் பெற்றோரின் பணியாகவே இருக்கும்.